காசுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரீம்கள்

பாட்டு வெளியான சூட்டோடு இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வரும். "ப்ரோ, செம டிராக்! ஒரே வாரத்துல 50,000 ஸ்ட்ரீம், கேரண்டி. எல்லாம் ஆர்கானிக்." எந்த லேபிளும் திரும்பிப் பார்க்காத கலைஞருக்கு இது தேனாக இனிக்கும். சந்தேகப்பட வேண்டியது அந்தக் 'கேரண்டி'யைத்தான். எத்தனை மனிதர்கள் கேட்பார்கள் என்று எவராலும் உறுதி தர முடியாது. போலிக் கணக்குகள் எத்தனை முறை ஓட்டும் என்று சொல்லலாம்.

இந்த வியாபாரத்துக்கு ஸ்பாட்டிஃபையின் 2024 விதி நல்ல தீனி. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அந்தக் கோட்டைத் தாண்டிவிடத்தான் பலர் பர்ஸைத் திறக்கிறார்கள். ஸ்ட்ரீமுக்கு அரை சென்ட் என்று தாராளமாக வைத்தாலும் 1,000-க்கு ஐந்து டாலர்தான். இந்தியாவில் இலவசமாகக் கேட்பவர்களால் அதுவும் தேறாது. போதாததற்கு, குறைந்தபட்சம் இத்தனை தனிநபர்கள் கேட்டிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. எத்தனை பேர் என்பதை நிறுவனம் வேண்டுமென்றே வெளியிடவில்லை.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கைப் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் வட கரோலினாக்காரர் ஒருவர் மீது அமெரிக்க அரசு மோசடிக் குற்றம் சாட்டியது. 1,040 போலிக் கணக்குகள். ஒவ்வொன்றும் நாளுக்கு 636 பாட்டு. ஆக 6,61,440 ஸ்ட்ரீம் என்பது அவரே போட்டு வைத்திருந்த கணக்காம். ஒரே பாட்டில் குவித்தால் தெரிந்துவிடும் என்று, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய லட்சக்கணக்கான பாட்டுகளில் பரப்பினார் என்கிறது குற்றப்பத்திரிகை. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவரே சிக்கினார். உங்களிடம் காசு வாங்குபவரோ மொத்தத்தையும் ஒரே பாட்டின் தலையில் கொட்டுகிறார்.

கொட்டியது பளிச்சென்று தெரியும். ஸ்ட்ரீம் பல்லாயிரம் இருக்கும். பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. கேட்பவர்கள் அதிகமுள்ள ஊர் என்று, உங்களுக்கு ஒரு ரசிகர்கூட இல்லாத வெளிநாட்டு நகரம் முதலிடத்தில் நிற்கும். பிறகு ஸ்பாட்டிஃபை அந்த ஸ்ட்ரீம்களைக் கழித்துவிடும். பாட்டை ஏற்றித் தந்த விநியோக நிறுவனத்துக்கு, பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம். பெரும்பாலும் அது உங்கள் கணக்கில்தான் விழும். பாட்டே தூக்கப்படுவதும் உண்டு.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், நேர்வழி இலவசம் என்பதுதான். 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' பக்கத்திலிருந்து, வெளியாகாத பாட்டை அவர்களின் ஆசிரியர் குழுவுக்கு நேரடியாக அனுப்பலாம். ஏழு நாளுக்கு முன்பே அனுப்பினால், பிளேலிஸ்ட்டில் எடுக்காவிட்டாலும், பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலுக்கு அந்தப் பாட்டே போகும். அவசரப்பட்டு முதல் நாள் இரவு ஏற்றுபவர்கள் இதை இழக்கிறார்கள்.

 

காசே கொடுக்காதவர்களின் பாட்டும் போலி பிளேலிஸ்ட்டில் சேர்க்கப்படுவதுண்டு. எண்ணிக்கை காரணமில்லாமல் எகிறினால் குதூகலிக்காமல், பிளேலிஸ்ட்டின் பெயர், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விநியோக நிறுவனத்துக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் அன்றே புகார் அனுப்பிவிடுங்கள். அபராத நோட்டீஸ் வந்தபின் எழுதும் விளக்கத்தை நம்பவைப்பது கஷ்டம்.