சிறு ரவுட்டருக்குள் ஒரு மறையாக்கப் ப்ராக்ஸி

சீனாவின் இணையத் தணிக்கையைக் கடப்பதற்காக, கிளவ்விண்டி என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் ஒருவர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஷேடோசாக்ஸ் என்னும் மென்பொருள், முதலில் பைத்தான் மொழியில் எழுதப்பட்டிருந்தது. மேசைக் கணினிக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் பைத்தான் நிரல் ஓட வேண்டுமானால் அம்மொழியின் இயக்கத் தொகுப்பும் கருவியில் இருந்தாக வேண்டும் என்பதால், சில மெகாபைட் சேமிப்பிடமே உள்ள பழைய வீட்டு ரவுட்டர்களில் அதற்கு இடமில்லாமல் போனது. இக்குறையைத் தீர்க்கும் வகையில் சி மொழியில் எழுதப்பட்டதே ஷேடோசாக்ஸ்-லிப்எவ்.

ப்ராக்ஸி என்பது பயனரின் சார்பில் இணையதளங்களோடு தொடர்புகொள்ளும் இடைநிலை நிரல். ஷேடோசாக்ஸில் அது இரு பாதிகளாக இயங்குகிறது: வீட்டிலுள்ள பாதி உலாவியின் கோரிக்கையை வாங்கி, மறையாக்கம் செய்து, அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றி அனுப்ப, தணிக்கைக்கு அப்பாலுள்ள சர்வரில் இயங்கும் மறுபாதி அதைப் பிரித்து உரிய தளத்துக்குச் சேர்க்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இழை, அதாவது நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு கிளை, என்று ஒதுக்கினால் நினைவகம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பந்தியில் ஒரே ஆள் எந்த இலை காலியாகிறது என்று பார்த்துப் பரிமாறுவதைப் போல, எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறதோ அதை மட்டும் கவனிக்கும் முறையை லிப்எவ் என்னும் நிரலகம் வழங்குகிறது.

சிறு கருவியில் உண்மையான சுமை மறையாக்கக் கணக்குதான். உலகெங்கும் பயன்படும் ஏஇஎஸ் முறைக்கென்றே தனிக் கட்டளைகள் பொதிந்த சில்லுகள் இன்று மேசைக் கணினிகளிலும் புதிய கைப்பேசிகளிலும் உள்ளன. மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் அவை இல்லை, 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 கணினியிலும் இல்லை. அத்தகைய சில்லில் ஏஇஎஸ் முழுவதையும் மென்பொருளாலேயே கணக்கிட வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறைகிறது. டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008இல் வடிவமைத்த சாச்சா20 இங்கேதான் கைகொடுக்கிறது. பதினாறு 32-பிட் எண்களை எடுத்துக்கொண்டு கூட்டல், பிட்டுகளைச் சுழற்றுதல், பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸ்ஆர் என்னும் செயல் ஆகிய மூன்றையே இருபது சுற்றுகள் திரும்பத் திரும்பச் செய்வது அதன் முறை. இம்மூன்றும் எந்த எளிய சில்லுக்கும் இயல்பாக வருபவை. தரவு வழியில் திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்யும் பாலி1305 முத்திரையோடு இணைந்த வடிவத்தை 2017 முதல் ஷேடோசாக்ஸ் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒவ்வோர் இணைப்பும் 32 பைட் தற்போக்கு எண்ணோடு தொடங்க, கடவுச்சொல்லையும் அந்த எண்ணையும் சேர்த்து அந்த இணைப்புக்கான தனித் திறவுகோல் உருவாக்கப்படுகிறது. தொடர்ந்து வரும் ஒவ்வொரு துண்டிலும் நீளம், 16 பைட் முத்திரை, உள்ளடக்கம், மீண்டும் 16 பைட் முத்திரை என்ற வரிசை அமைகிறது. சுருக்கமான இந்த அமைப்பே சிறு கருவிக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆயினும் இதற்கு எல்லை உண்டு. இணைப்பின் தொடக்கத்திலிருந்தே எல்லாம் தற்போக்கான பைட்டுகளாகத் தெரிவதையே, அதாவது எந்த நெறிமுறையின் சாயலும் இல்லாமையையே, சீனத் தணிக்கை அமைப்பு அடையாளமாகக் கொண்டது. ஐயத்துக்குரிய சர்வர்களுக்குத் தானே போலிக் கோரிக்கைகளை அனுப்பிச் சோதித்தது, 2021 நவம்பர் முதல் இத்தகைய போக்குவரத்தை நேரடியாகவே தடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, காவல்துறையினர் தம்மை அணுகிப் பணியை நிறுத்தச் சொன்னதாக அறிவித்துவிட்டு, கிளவ்விண்டி 2015 ஆகஸ்ட்டில் நிரலை, நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பிலிருந்து அகற்றியிருந்தார். பிறர் அதைத் தொடர்ந்தனர்.

இது பயனரின் அடையாளத்தை மறைக்கும் கருவியும் அன்று. மறுமுனைச் சர்வரை நடத்துபவருக்கு, பயனர் எந்தத் தளத்தோடு பேசுகிறார் என்பது தெரியும். எனவே இதை அமைப்போர் நம்பத்தக்க சர்வரைத் தேர்வதோடு, சட்டம் அனுமதிக்கும் இடத்திலேயே பயன்படுத்துவதும், முத்திரை இல்லாத பழைய ஆர்சி4, சிஎஃப்பி மறையாக்க முறைகள் அமைப்புக் கோப்பில் இருந்தால் உடனே மாற்றிவிடுவதும் அவசியம்.