சீமைக் கருவேலமும் டில்லிக் குன்றும்

டில்லிக்குப் புதிதாக வரும் நம்மவர், கரோல்பாக்கிலிருந்து தௌலாகுவான் நோக்கிச் செல்லும்போது சாலையின் இருமருங்கிலும் அடர்ந்து நிற்கும் பசுங்காட்டைக் கண்டு வியப்பது வழக்கம். தலைநகரின் நடுவே இத்தகைய வனம் இருப்பது பெரும்பேறன்றோ என்று கூறுவோர் பலர். பேறுதான், ஐயமில்லை. ஆயினும் வண்டியை விட்டிறங்கிச் சற்றே உற்று நோக்கினால் வியப்பு வேறுவகையாக மாறும். மெல்லிய சிற்றிலைகள், விரல் நீள முட்கள், மஞ்சள் நிறக் காய்க்கொத்துகள். இராமநாதபுரத்தாருக்கும் விருதுநகராருக்கும் இம்மரத்தை அடையாளம் காட்டப் புத்தகம் வேண்டியதில்லை. அது நம் சீமைக் கருவேலமே. வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் வேலிகாத்தான் என்பார்கள். டில்லியில் அதன் பெயர் விலாயதி கீகர். விலாயத் என்றால் சீமை. கீகர் என்றால் கருவேல். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழியினரும் வந்தேறிய ஒரு மரத்திற்கு ஒரே பெயரைச் சூட்டியிருப்பது இனிய வேடிக்கை.

அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களில் பிறந்தது இம்மரம். புதுடில்லி நகரம் எழுந்த காலத்தில், மொட்டையாக நின்ற பாறைக் குன்றுகளை விரைவில் பசுமையாக்க வேண்டி ஆங்கிலேய அதிகாரிகள் இதனைக் கொணர்ந்து விதைத்தார்கள். நீரின்றி வளரும், ஆடுமாடு இலையைத் தின்னாது, விறகாகும் என்பன அவர்கள் கண்ட நலன்கள். மூன்றும் மெய்யே. ஆனால் இதன் சருகு மக்கிய மண்ணில் பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை. காயை விரும்பித் தின்னும் கால்நடைகளோ சாணத்தின் வழியே விதையைத் திசையெங்கும் பரப்புகின்றன. நூறாண்டுக்குள் குன்றின் பழைய குடிகளான மரங்கள் ஒதுங்கிப்போயின. காடு இருக்கிறது, காட்டுக்குரிய உயிர்கள் குறைந்துவிட்டன.

இந்தக் குன்றுகள் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. உலகின் மிகப் பழைய மலைகளுள் ஒன்றெனப் பூவியலார் கூறும் அத்தொடர், குஜராத்திலிருந்து புறப்பட்டு இராஜஸ்தான், அரியானா வழியாக வந்து டில்லியில் முடிகிறது. வெடிப்பும் பிளவும் நிறைந்த இப்பாறைகள் மழைநீரை உள்ளே இறக்கி நிலத்தடியில் சேர்த்து வைக்கின்றன. மேற்கிலிருந்து வரும் பாலைவனப் புழுதிக் காற்றையும் ஓரளவு தடுக்கின்றன. கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் நம் இல்லத்தரசியரிடம் இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1979-ஆம் ஆண்டில், இக்குன்றுக் காடு அழிக்கப்படுவதைக் கண்டு மனம் பொறாத பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் ஒன்று திரண்டு எதிர்த்தார்கள். 'கல்பவிருட்சம்' என்ற அமைப்பு அக்கிளர்ச்சியிலிருந்து பிறந்ததே. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1994-இல், டில்லிக் குன்றில் 7,777 ஹெக்டேர் நிலம் காப்புக்காடாக அறிவிக்கை செய்யப்பட்டது. ஊதியமோ பதவியோ இல்லாத இளைஞர்கள் தொடங்கிய குரல் அது என்பதை நாம் மறத்தலாகாது.

எவருடைய நிலம் என்று கேட்டால் 'சர்க்கார் நிலம்' என்போம். சர்க்கார் நிலம் என்றால் எவருடையதும் அன்று என்ற பொருளிலேயே பெரும்பாலும் சொல்கிறோம். நம் நாட்டில் 'புறம்போக்கு' என்ற சொல் இருக்கிறது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக ஊர்ப் பொதுவில் விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மேய்ச்சலும் ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் சுடுகாடும் அதில் அடங்கும். ஊரின் உயிர்நாடியே அதுதான். அச்சொல் இன்று தெருச்சண்டையில் வசவாக வழங்குகிறது! பொது நிலத்திற்கு நேர்ந்த கதியைச் சொல்ல இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாறு கைவிடப்பட்ட ஒரு பொது நிலம் மீண்ட வரலாற்றை நம்மவர் ஒவ்வொருவரும் நேரில் சென்று காணலாம். 2016-இல் குருகிராமம் எனப் பெயர் மாற்றம் பெற்ற குர்கானில், டில்லி எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 390 ஏக்கர் பரப்பில் இருக்கிறது ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. (இதே பெயரில் டில்லி வசந்த விஹாரிலும் ஒன்று உண்டு, அது டில்லி வளர்ச்சி ஆணையத்தாரும் பல்கலைக்கழக அறிஞர்களும் உருவாக்கியது. வழி கேட்போர் குழம்ப வேண்டா.) குர்கான் நிலம் முன்பு கல் உடைக்கும் சுரங்கக் களம். பாறையைப் பெயர்த்துப் பெயர்த்துப் பள்ளமும் குவியலுமாக்கி விட்டிருந்தார்கள். ஆரவல்லியில் கல்லெடுப்பதை உச்சநீதிமன்றம் 2002-இலும் 2009-இலும் தடுத்தது. சுரங்கம் நின்றது, நிலம் புண்ணாகவே கிடந்தது, அதன்மேல் சீமைக் கருவேலம் படர்ந்தது.

2010-இல் அவ்வூர்க் குடிமக்கள் சிலர் 'ஐயாம்குர்கான்' என்ற பெயரில் கூடி, நகராட்சியின் இசைவுடன் அந்நிலத்தை மேற்கொண்டார்கள். திருமதி லத்திகா துக்ரால் அவர்களுள் முன்னின்றவர். வங்கிப் பணியை விட்டு இத்தொண்டுக்கு வந்தவர். இயற்கையறிஞர் திரு. விஜய் தஸ்மானா காட்டை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றார். அவர்கள் செய்த முதற் காரியம் மரம் நடுவதன்று. இந்த மண்ணுக்கு உரியவை எவை என்று தேடியதே. நாற்றுப் பண்ணைகளில் குல்மோகரும் அசோகமும் எத்தனை வேண்டுமாயினும் கிடைக்கும். ஆரவல்லிக்கே உரிய தௌ மரம் கிடைக்காது. எனவே எஞ்சியிருந்த காடுகளுக்குச் சென்று விதை பொறுக்கிவந்து, சொந்தமாக நாற்றங்கால் அமைத்தார்கள்.

தேடிக் கொணர்ந்தவற்றுள் நமக்குத் தெரிந்த முகங்கள் பல. அவர்கள் டாக் என்பது நம் புரசு. சென்னைப் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அதே மரம். பங்குனியில் இலையுதிர்த்துச் செம்பூவாய் எரியும் அழகு இங்கும் அதுவே. ரோஞ்ச் என்பது நம் வெள்வேல். பேர் என்பது இலந்தை. கைர் என்பது வெற்றிலைக்குக் காசுக்கட்டி தரும் மரம். தௌ மட்டும் நமக்குப் புதிது. ஆடு கடிக்கும் இடத்தில் பல ஆண்டு தரையோடு தரையாய்ப் புதர்போலப் படர்ந்து கிடக்கும். கடியினின்று காத்தால் மரமாய் நிமிரும். குர்கானுக்கும் பரிதாபாதுக்கும் இடையே மாங்கர் பணி என்னும் கோயில்காடு ஒன்றுண்டு. குதரியா பாபா என்னும் துறவியின் பெயரால் சுற்றூரார் அங்கே கிளையொடிப்பதில்லை. நம் ஐயனார் காடுகளை நினைவூட்டும் அதைப் பார்த்தால், தௌ மரங்கள் செறிந்த ஆரவல்லி முன்னர் எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கும்.

குர்கான் பூங்காவில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பள்ளிப் பிள்ளைகளும் குடியிருப்புச் சங்கத்தாரும் நிறுவன ஊழியர்களும் வந்து கன்று நட்டார்கள். நடுவது எல்லாரும் விரும்பும் வேலை. ஓர் அலுவலக வளாகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட மரநடு விழாவில் மாலை, மேளம், நிழற்படம் யாவும் இருந்தன. அடுத்த சித்திரையில் அங்கே இருந்தவை நட்டவர் பெயர் பொறித்த பலகைகளும் அவற்றின் அடியில் ஒவ்வொரு காய்ந்த குச்சியும். நட்ட கன்று இரண்டு மூன்று கோடையேனும் தாண்டும்வரை நீர் வேண்டும். சுற்றிலும் களை நீக்க வேண்டும். மாடு நுழையாமல் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு மேளம் கிடையாது. குர்கான் நிலம் காடானது அதனாலேதான் என்பது என் துணிபு.

2019-20-ஆம் ஆண்டுகளில் அப்பூங்காவின் ஊடே நெடுஞ்சாலை ஒன்று அமைக்கும் திட்டம் தெரிய வந்தபோது, கன்று நட்ட அதே மக்கள் பதாகை ஏந்தி நின்றார்கள். நட்டவர்க்கு உரிமையுணர்வு தானே வந்துவிடுகிறது! 2022 பிப்ரவரி 2-ஆம் நாள், சரணாலயமோ தேசியப் பூங்காவோ அல்லாவிடினும் உயிரினங்களைத் திறம்படக் காக்கும் இடம் என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக அப்பூங்கா அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பணியில் நம்மவர்க்கு என்ன தெரியும் என்று கேட்போர் உளர். டில்லியின் தெற்கே ஒரு குன்றுச் சரிவில், நிலப் பொறுப்பாளரின் இசைவோடு நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் ஒன்றுக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் சென்றிருந்தோம். முழங்கால் உயரச் சீமைக் கருவேலங் கன்றுகளை அகற்றுவது எங்களுக்கு இட்ட வேலை. பட்டம் பெற்ற இளைஞர்கள் அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர், முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், மகனோடு இருக்க வந்தவர், சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"தம்பி, இப்படி மேலாக்க வெட்டுனா ஒண்ணுக்கு ஒம்பதா துளுக்கும். தூரோட தோண்டச் சொல்லுங்க. எங்க ஊர்ல இதை வெட்டி மூட்டம் போட்டுத்தான் எம்புள்ளைகளை வளர்த்தேன். எனக்குத் தெரியாதா?"

"நீங்களே காட்டிக் கொடுங்கள், அம்மா" என்றேன்.

கடப்பாரையை வாங்கி, வேர்க்கழுத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழம் தோண்டி, அடிக்கட்டையோடு பெயர்த்துக் காட்டினார். பணியை நடத்திய நிபுணர் இந்தியில் அதையேதான் அதற்குமுன் விளக்கியிருந்தார்; கேட்டவர் கைக்கு அது வரவில்லை. அவ்வம்மையாருக்கு இந்தி தெரியாது. அன்று முழுவதும் பிள்ளைகள் அவரையே சூழ்ந்து நின்று வேலை கற்றார்கள்.

ஜோத்பூரிலும் இதற்கொப்பான செய்தி உண்டு. அங்கே மெஹ்ரான்கர் கோட்டையின் அடியில் இராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா இருக்கிறது. 2006-இல் திரு. பிரதீப் கிருஷேன் தலைமையில் அவ்விடத்தைச் சீர்ப்படுத்தத் தொடங்கியபோது, எரிமலைப் பாறைக்குள் வேரூன்றிய சீமைக் கருவேலத்தைக் களைய எந்த வழியும் பலிக்கவில்லை. இறுதியில் கந்த்வாலியா எனப்படும் பரம்பரைக் கல்லுடைப்போரை அழைத்தார்கள். பாறையைத் தட்டி, ஓசையைக் கேட்டே பிளவு எங்கேயுள்ளது என்றறிந்து, உளியும் சுத்தியும் கொண்டு வேரை வெளியே எடுத்தார்கள் அவர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சீமைக் கருவேலத்தின்மீது வெறுப்புக் கொண்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் வீழ்த்த முனைவது தவறு. வேறொன்று வேரூன்றும் முன் அதனை அகற்றினால் மண் அரித்துப்போகும், நிழலும் போகும். அதில் கூடு கட்டும் பறவைகளும் உள்ளன. விறகுக்கு அதனையே நம்பும் ஏழைகளும் உள்ளனர். பகுதி பகுதியாக நீக்கி, அவ்விடத்தில் ஊர் மரத்தை வளர்த்து, பிறகு அடுத்த பகுதிக்குச் செல்வதே முறை. தவிரவும், 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி டில்லியில் இசைவின்றி மரத்தை வெட்டுதல் குற்றம். ஆர்வ மிகுதியால் கோடரியோடு புறப்படும் அன்பர்கள் இதனைக் கருதுக. நிலத்தை உடையவரின் இசைவும், செடி அறிந்தவரின் வழிகாட்டலும் இன்றி எதையும் தொடலாகாது.

நம் சங்கத்தில் இப்பேச்சை எடுத்தபோது ஒரு பெரியவர், "நாமோ வேலைக்கு வந்தவர்கள். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவோம். இந்த ஊர்க் குன்று நமக்கு எதற்கு?" என்றார். நல்ல மனிதர், உத்தர சுவாமிமலைக் கோயில் திருப்பணிக்கு ஆண்டுதோறும் தவறாமல் கொடுப்பவர். அக்கோயில் நிற்கும் குன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் முப்பத்தைந்து ஆண்டுகளாக இங்கே தண்ணீர் குடித்து வருகிறார். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே மணம் செய்து, இங்கேயே வீடு வாங்கியிருக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கு ஊர் எது என்று அவர்களையே கேட்டுப் பார்க்கலாம். பதில் நம் செவிக்கு இனிக்காமலும் இருக்கலாம்.

நம் முன்னோர் ஏரி மராமத்தை ஊரே கூடிச் செய்ததைக் குடிமராமத்து என்று பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். 1858-இல் ஆங்கிலேயர் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றி, மதகு உடைந்தால் ஊரார் வந்தே தீரவேண்டும் என்றார்கள். விரும்பி வந்த காலத்தில் சட்டம் வேண்டியிருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

டில்லியில் பருவமழை சாதாரணமாக ஜூன் இறுதியில் இறங்கும். நடுவதற்கு ஜூலையும் ஆகஸ்டும் ஏற்றவை. ஆனால் நம் குடும்பங்கள் அக்டோபரிலும் மார்ச்சிலும் செல்வது நலம்; களை பறிக்கவும் நீர் ஊற்றவும் ஆள் கிடைக்காத மாதங்கள் அவையே. குர்கான் பூங்காவைக் காண விரும்புவோர் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் குரு துரோணாசாரியா நிலையத்தில் இறங்கினால் அண்மை. குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டையும் கெட்டியான தோல் செருப்பன்று, காலணியே அணிவியுங்கள். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறும், முனை உள்ளே ஒடிந்தால் பல நாள் வலிக்கும். தண்ணீர்க் குப்பியும் தயிர்சாதமும் கொண்டு போங்கள். உறைகளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.