வேகத்தைத் தின்னும் காற்று

டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தில் காட்டோரமாக ஏர்சாஃப்ட் திடல்கள் நிறைய உண்டு. பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளோடு இரண்டு அணிகள் மோதும் ஆட்டம் அது. விடுமுறை நாளில் அப்படி ஒரு திடலுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர், புதிதாக வாங்கிய மின் துப்பாக்கியால் 40 மீட்டர் தள்ளித் தொங்கிய இரும்புத் தகட்டைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குண்டுகூடப் படவில்லை. பாதி தூரம் நேராகப் போகும் குண்டு, திடீரென்று மேலே எழும்பி இடப்பக்கமாக விலகி மரக்கிளைகளுக்குள் மறைந்தது. இன்னும் வலுவான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார்.

இந்த ஆட்டத்துக்கு வரும் புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதே என் பதில். காரணம் துப்பாக்கிக்குள் இல்லை, அதற்கு வெளியே இருக்கும் காற்றில் இருக்கிறது.

குண்டின் விட்டம் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 0.20 கிராம். நம் ஊர் பால்ரஸ் குண்டு அளவுதான், ஆனால் இரும்பின் கனம் கிடையாது. ஜப்பானியக் கடையில் வாங்கும் துப்பாக்கியிலிருந்து இது நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அந்தக் கணத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை, குண்டின் எடையைப் போலச் சுமார் 30 மடங்கு! கணக்குப் போட்டுப் பார்த்தால், 18 மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகிவிடுகிறது. 40 மீட்டரில் மிஞ்சுவது நொடிக்கு 20 மீட்டர்தான்.

இப்போது ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தை 20 சதவீதம் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு குண்டுக்கும் 44 சதவீதம் கூடுதல் ஆற்றல் தேவை. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் அதே வர்க்கக் கணக்கில் ஏறுகிறது. கடைசியில் கிடைக்கும் லாபம், குண்டு முன்பிருந்த வேகத்தோடு இன்னும் 5 மீட்டர் போகும் என்பது மட்டுமே.

அந்த 5 மீட்டருக்கு என்ன விலை? கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தால் தெரியும். மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, கடைசிப் பற்சக்கரம் பிஸ்டனின் அடியில் உள்ள பற்களைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, ஸ்பிரிங்கை அழுத்தி, பிறகு விட்டுவிடுகிறது. பிஸ்டன் பாய்ந்து வந்து காற்றைத் தள்ளுகிறது. தொடர்ந்து சுடும்போது இது நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை நடக்கும். தொடக்க நிலைத் துப்பாக்கிகள் பலவற்றில் பிஸ்டன் பிளாஸ்டிக்கால் ஆனது. வலுவான ஸ்பிரிங் போட்டுப் பழுதான ஒரு பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பற்கள் இருந்த இடம் கரும்புச் சக்கைபோல் நைந்து கிடந்தது. பிறகு உலோகப் பல் வைத்த பிஸ்டன், அதற்கேற்ற பற்சக்கரம், மோட்டார், பேட்டரி என்று செலவு நீண்டு துப்பாக்கியின் விலையையே தொட்டுவிடும்.

ஜப்பானில் இதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2006இல் திருத்தப்பட்ட துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 6 மில்லிமீட்டர் குண்டு 0.98 ஜூலுக்கு மேல் ஆற்றலோடு போகக் கூடாது. நொடிக்கு 90 மீட்டர் என்பது 0.81 ஜூல். அதில் 20 சதவீத வேகத்தைக் கூட்டினால் 1.17 ஜூல் ஆகிவிடும். அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். திடல்களில் ஆட்டத்துக்கு முன் வேகமானியில் சுட்டுக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் காசை எதில் போடலாம்? முதலில் குண்டில். 0.20 கிராமுக்குப் பதில் 0.28 கிராம் குண்டு போடுங்கள். அதே ஆற்றலில் அது நொடிக்கு 76 மீட்டரில்தான் கிளம்பும். ஆனால் கனம் கூடியதால் காற்று அதன் வேகத்தை மெதுவாகத்தான் குறைக்க முடிகிறது. 40 மீட்டரில் அதன் வேகம் நொடிக்கு 26 மீட்டர். லேசான குண்டை முந்திக்கொண்டு அதுதான் முதலில் தகட்டை அடையும். எனக்கு இந்தக் கணக்கில் இன்றும் வியப்பு தீரவில்லை.

அடுத்தது, துப்பாக்கிக் குழலான பேரலில் குண்டு நுழையும் முனையில் உட்கார்ந்திருக்கும் ஹாப்-அப் ரப்பர். சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவுள்ள சிறு குழாய். அதன் உள்பக்கம், மேலே, ஒரு சின்ன மேடு. கடந்து போகும் குண்டின் தலையை அந்த மேடு உரசுவதால் குண்டு பின்னோக்கிச் சுழன்றபடி வெளியேறுகிறது. டேபிள் டென்னிஸில் கீழ்வெட்டு அடித்த பந்து மிதந்து வருமே, அதே கதை. சுழலும் குண்டு காற்றைக் கீழே திருப்ப, காற்று குண்டை மேலே தாங்குகிறது. 1852இல் இதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹைன்ரிக் மாக்னஸின் பெயரால் மாக்னஸ் விளைவு என்கிறோம். இந்தச் சுழற்சி இல்லாவிட்டால், தோளுயரத்தில் சுட்ட குண்டு சுமார் 30 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடும்.

சுழற்சி அளவுக்கு மிஞ்சினால் குண்டு வானத்துக்கு ஏறும். ரப்பர் மேடு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் சுழற்சி அச்சும் சாய்ந்து, குண்டு பக்கவாட்டில் வளையும். அந்த மாணவரின் துப்பாக்கியில் இரண்டும் சேர்ந்திருந்தன. அதைவிட வலுவான ஸ்பிரிங் போட்டிருந்தால் குண்டு இன்னும் வேகமாகத் தப்பான இடத்துக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். நல்ல ரப்பர் ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் ராமென் விலைதான். உள்விட்டம் குறுகிய பேரல் வாங்குவதும் பலருக்கு ஆசை. வழக்கமான 6.08 மில்லிமீட்டருக்குப் பதில் 6.03 மில்லிமீட்டர். இடைவெளி குறைவதால் காற்று வீணாவது குறையும், உண்மை. ஆனால் ரப்பர் சரியில்லாதபோது அதில் பயன் சொற்பம்.

ரப்பருக்கும் முன்னால் வாங்க வேண்டியது, கண்ணைச் சுற்றி இடைவெளியின்றி மூடும் கண்ணாடி. ஒரு ஜூலுக்கும் குறைவான ஆற்றல்தானே என்று நினைக்காதீர்கள், ஒரு கண்ணைப் பறிக்க அது போதும்.

திடல்காரர் ஒருவர் மாணவரின் பேரலைக் கழற்றினார். துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டு இழுத்தபோது கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி வந்தது. சாய்ந்திருந்த ரப்பரை நிமிர்த்திப் பொருத்தினார். 0.28 கிராம் குண்டுகளை நிரப்பி, ரப்பர் மேட்டின் அழுத்தத்தை மாற்றும் ஹாப்-அப் சக்கரத்தை இரண்டு பல் திருப்பினார். முதல் குண்டு தகட்டின் கீழே போயிற்று. இன்னொரு பல் திருப்பினார். இரண்டாவது குண்டு தாழ்வாகப் பறந்து, நடுவில் லேசாக மிதந்து, தகட்டில் 'டிங்' என்று பட்டது.