ஒரே ஒரு தோட்டா

1967-இல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 'நம்பர் 1' என்று ஒரு வேட்டை ரைபிளைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். சுட்டதும் நெம்புகோலை இறக்கிக் காலிக் கூட்டை வெளியே தள்ளி, பையைத் துழாவி அடுத்த தோட்டாவை எடுத்துப் போட வேண்டும். நான்கைந்து தோட்டா கொள்ளும் போல்ட் ரைபிள்கள் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்த காலம் அது. வியாபாரக் கணக்குப்படி ஓடக்கூடாத சரக்கு. ஆனால் ஓடியது, அதுவும் அரை நூற்றாண்டுக்கு மேல்.

இதை யார் வாங்குகிறார்கள், எதற்காக? துப்பாக்கியின் உள்ளே பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நம் ஊரில் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருப்பார்களே, நடுவில் மடித்துத் தோட்டா போடும் ஒற்றைக் குழல் துப்பாக்கி, அது ஒரு வகை. ரூகர் நம்பர் 1 வேறு வகை. அதற்கு 'ஃபாலிங் பிளாக்' என்று பெயர். குழலின் பின்வாயை ஒரு கனத்த எஃகுக் கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ட்ரிக்கருக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால், கட்டை இருபக்கப் பள்ளங்களில் வழுக்கிக் கீழே போகும். குழல் வாய் திறக்கும். தோட்டாவை விரலால் உள்ளே தள்ளி நெம்புகோலைத் திரும்ப ஏற்றினால் கட்டை மேலே வந்து மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது பின்னால் மோதும் அழுத்தம் முழுவதையும் அந்தக் கட்டையும் அதைத் தாங்கும் எஃகுச் சுவரும் வாங்கிக்கொள்கின்றன. கெட்டுப்போக அதிக உறுப்புகள் இல்லை. திறந்து வைத்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

இது புது யோசனை அல்ல. ஸ்காட்லாந்தில் ஜான் ஃபர்குவர்சன் 1872-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பை ஒட்டியே ரூகர் தன்னுடையதைச் செய்தது. அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் என்ற யூட்டா மாநிலத்து இளைஞர் 24 வயதில், 1879-இல், தன் ஒற்றைத் தோட்டா ரைபிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதை 8,000 டாலருக்கு வாங்கிய வின்செஸ்டர் நிறுவனம் 1885 மாடலாக விற்றது. பிற்காலத்தில் இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பேர்போன பிரௌனிங், ஒரு தோட்டாவில்தான் தொடங்கினார்.

இந்த அமைப்பில் இன்னொரு லாபம் நீளம். போல்ட் ரைபிளில் போல்ட் என்ற உருளை தோட்டாவின் நீளத்துக்குப் பின்னால் வந்து போக இடம் வேண்டும். ஃபாலிங் பிளாக்கில் கட்டை மேலும் கீழும்தான் போகிறது, அந்த இடம் மிச்சம். அதனால் 26 அங்குலக் குழல் வைத்தாலும், அதே குழல் கொண்ட போல்ட் ரைபிளைவிட மொத்த ரைபிள் ஏறக்குறைய 4 அங்குலம் குட்டையாக இருக்கும். குழல் நீளமானால் குண்டின் வேகம் கூடும்; ரைபிள் குட்டையானால் புதரில் மாட்டாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. நெம்புகோல் அடியில் இருப்பதால் இடக்கைக்காரர்களுக்கும் இது தோது. போல்ட் ரைபிள்களில் பெரும்பாலானவை வலக்கைக்காரர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டவை.

குறி தப்பாதா? இங்கேதான் கதை கட்டுகிறார்கள். ஒரு தோட்டா என்பதாலேயே ரைபிள் துல்லியமாகிவிடாது. ஃபாலிங் பிளாக்கில் மரக்கட்டை இரண்டு துண்டு. முன்பக்க மரத்துண்டு குழலை எப்படி அழுத்துகிறது என்பதைப் பொறுத்துக் குண்டு விழும் இடம் மாறும். சூடேறினால் இன்னும் மாறும். சுட்ட கூடு இறுகிக்கொண்டால் பிடுங்கி எடுக்கும் வலுவும் போல்ட்டுக்குத்தான் அதிகம். மேசைமேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களும் ஒற்றைத் தோட்டாவைத்தான் விரும்புகிறார்கள், ஆனால் அவர்கள் கையில் இருப்பது தோட்டா அடுக்கும் மேகசின் இல்லாத போல்ட் ரைபிள். அடியில் மேகசினுக்கு ஓட்டை வெட்டாததால் எஃகு உடல் விறைப்பாக நிற்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

மிச்ச வித்தியாசம் சுடுகிறவரிடம் இருக்கிறது. 1874 செப்டம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜ தூரங்களில் ஆளுக்குப் பதினைந்து பதினைந்து குண்டு. அயர்லாந்துக்காரர்களிடம் இருந்தவை வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்கள். அமெரிக்கர்களிடம் பின்வாய் திறக்கும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்கள். இரு தரப்பும் ஒவ்வொரு குண்டாகத்தான் போட்டாக வேண்டும். அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டை அழகாக நடுவில் சுட்டார், பக்கத்து இலக்கில். நான்கு புள்ளி பூஜ்யமாயிற்று. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அந்த ஒரு குண்டு சரியான பலகையில் விழுந்திருந்தால் முடிவு தலைகீழ். அமெரிக்காவின் கடைசிக் குண்டைச் சுட்ட போடைனின் கையைச் சற்று முன் உடைந்த இஞ்சி பீர் பாட்டில் கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டு நடுவில் அடித்தார்.

அந்தக் காலத்து ரைபிள்களின் மேல் இன்றும் ஆசை போகவில்லை. 1985-இல் தொடங்கிய கருமருந்து சிலுவெட் போட்டிகளில், 1896-க்கு முந்தைய பாணி அமெரிக்க ஒற்றைத் தோட்டா ரைபிள்களால் இரும்புத் தகட்டு உருவங்களைச் சாய்க்கிறார்கள். 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் செம்மறிக்கடா. கோழியை மட்டும் நின்றபடி சுட வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். கருமருந்து புகையும் கரியுமாகக் குழலை அடைக்கும். அதனால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பலர் பின்வாயில் ஒரு குழாயைச் செருகி, நீளமாக மூச்சை ஊதுகிறார்கள். மூச்சின் ஈரம் கரியை இளக்குகிறது. எத்தனை ஊது ஊதுவது என்பது அன்றைய வெயிலையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்தது. இப்படி ஊதி, துடைத்து, காற்றைக் கணித்து, பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஏணிக் குறிக்காட்டியை ஒரு கோடு நகர்த்தி, பிறகு ஒரு குண்டு. அவசரக்காரர்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது.

ஒலிம்பிக்கிலும் இதே வழக்கம்தான். 50 மீட்டர் ரைபிளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் போட வேண்டும் என்பது விதி. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அதில்தான். சென்னையில் பிறந்த ககன் நரங்கும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் பெயர் பெற்ற 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் அப்படியே. அங்கே பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர். 60 குண்டுக்கு 75 நிமிடம். ரைபிளைத் தாழ்த்தி, குண்டைப் போட்டு, மறுபடி தோளில் ஏற்றும் அந்த இடைவெளியில்தான் மூச்சும் உடம்பும் நிலைக்கு வருகின்றன. மேகசின் இருந்தால் அந்த இடைவெளியை நாமாக எடுத்துக்கொள்ளமாட்டோம்.

வேட்டையில் ஒற்றைத் தோட்டா ரைபிளின் மவுசு வேறு மாதிரி. (இந்தியாவில் வேட்டைக்குச் சட்டத் தடை உண்டு, சொல்வது வெளிநாட்டு நிலவரம்.) ஆல்ப்ஸ் மலையில் ஷாமுவா என்ற மலையாட்டைத் தேடி ஏறுகிறவர்கள், மடித்துத் திறக்கும் 'கிப்லாஃப்' ரைபிளை எடுத்துப்போகிறார்கள். ஜெர்மனியின் பிளேசர் கே95 சுமார் இரண்டரைக் கிலோதான். இரண்டாகக் கழற்றி முதுகுப்பையில் வைக்கலாம். செங்குத்தில் நாள் முழுக்க ஏறுகிறவருக்கு அரைக்கிலோ குறைந்தாலும் பெரிது. அமெரிக்காவின் மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் பழங்கால ஆயுதங்களுக்கென்று தனி வேட்டைப் பருவம் உண்டு. சுத்தியல் வெளியே தெரியும் ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு அதில் இடம் தந்திருப்பதும் விற்பனைக்கு ஒரு காரணம்.

ஒரு தோட்டா வைத்திருப்பவர் பொறுமைசாலி, விலங்குக்கு வாய்ப்புக் கொடுப்பவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் பைசன் கூட்டங்களைத் தோலுக்காகக் கொன்று குவித்ததும் ஷார்ப்ஸ் முதலான ஒற்றைத் தோட்டா ரைபிள்கள்தான். தூரத்தில் ஊன்றுகோல்களில் ரைபிளைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார்கள். கோடிக்கணக்கில் இருந்த இனம் சில நூறாகச் சுருங்கியது. பொறுமை என்னவோ அவர்களிடமும் இருந்தது.

முதல் குண்டு சரியாகப் படாவிட்டால் அடிபட்ட விலங்கு வேதனையோடு ஓடும். அப்போது போல்ட்டை ஒரு தரம் இழுத்துத் தள்ளினால் அடுத்த குண்டு தயார். ஒற்றைத் தோட்டாக்காரர் அதற்காகவே இரண்டாவது தோட்டாவை இடக்கை விரல்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு பழகுகிறார். மான், ஆடு வரைக்கும் அது போதும். ஆப்பிரிக்கக் காட்டெருமை மாதிரி திரும்பிப் பாய்கிற விலங்கென்றால், உடன் வரும் வழிகாட்டியின் கையில் இரட்டைக் குழலோ மேகசின் ரைபிளோதான் இருக்கும்.