ரயில் கரையும் வயல் வடிகாலும்

சென்னை ராயபுரத்திலிருந்து 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. இன்று திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிப் பாதை வடக்கே செல்கிறது. இங்கு நிலமோ கிழக்கே கடலை நோக்கிச் சரிந்துள்ளது. எனவே பாதைக்காகப் போடப்படும் மண் கரை, மழைநீருக்குக் குறுக்கே அணைபோல் அமைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கரைக்கு மேற்கே நீர் தேங்கினால் இளநடவு அழுகிவிடும்.

இதைத் தடுப்பவை சிறுபாலங்கள். ஆறும் பெரிய ஓடையும் வரைபடத்தில் இருக்கும். ஏரிக் கலங்கல் நீர் ஓடும் தடமும், வயல் வடிகாலும் கோடையில் அளவெடுப்போர் கண்ணுக்கு வெறும் பள்ளமே. பாலத்தின் அடிமட்டம் வடிகாலின் மட்டத்தைவிட உயர்ந்தால் பாலம் இருந்தும் பயனில்லை. கரைக்கு மண் எடுக்கும் குழிகளும் வயலை ஒட்டி அமையக்கூடாது. கடலோரத்தில் ஆழத் தோண்டினால் உவர்நீர் ஊறும்.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் இல்லை. ஆகவே அதன்படி நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இவற்றுக்குக் கிடையாது. அத்திப்பட்டு–புத்தூர் போன்ற புதிய பாதைத் திட்டங்களில் விவசாயிகள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். சிறப்பு ரயில் திட்டமானால், நில எடுப்பு அறிவிக்கை வெளியான 30 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம். சர்வே எண், நீர் வரும் திசை, சென்ற மழையில் நின்ற நீரின் ஆழம், வடிய எடுத்த நாட்கள் ஆகியவற்றை அதில் குறிப்பிடுதல் அவசியம். கரை எழும்பிய பிறகு புதிதாகப் பாலம் கேட்பது மிகக் கடினம்.