சினிமாவில் சிரிக்கலாம்... வீட்டில் செய்யாதீங்க!

மயங்கி விழுந்தவர் வாயில் சோடாவை ஊற்றுவார்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நம் சினிமாவில் இந்தக் காமெடியை எத்தனை முறை பார்த்துச் சிரித்திருப்போம்!

மேல்நாட்டில் ஆம்புலன்ஸ் ஊழியர்களையே கதாநாயகர்களாக்கி டி.வி. காமெடித் தொடர் எடுத்தார்கள். பிரிட்டனில் 2011-ல் சேனல் 4-ல் வந்த 'சைரன்ஸ்' அப்படிப்பட்டது. லண்டன் ஆம்புலன்ஸில் வேலை பார்த்த பிரையன் கெல்லட் எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்த கதை. 2014-ல் சிகாகோ நகரத்துக் கதையாக அமெரிக்காவிலும் வந்தது. தினமும் ரத்தத்தையும் மரணத்தையும் பார்க்கிறவர்கள், மனபாரத்தைச் சிரித்துத்தானே இறக்கி வைக்க முடியும்?

நம்ம ஊரில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இலவச சேவை. வண்டியில் 'பைலட்' என்று அழைக்கப்படும் டிரைவரும், மருத்துவ உதவியாளரும் வருவார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. ஒருநாள் காலை, பெரியவர் ஒருவரைக் காரில் கூட்டி வந்தார்கள்.

"டாக்டருங்க, அப்பாவுக்கு விடியக்காலம் வாய் கோணிப் போச்சுங்க. கையும் தூக்க முடியலீங்க. நல்ல தைலமாப் பார்த்துக் குடுங்க!"

பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பக்கவாதம்! மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மூன்று மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. தைலம் தரவில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் கை முழுதாகத் திரும்பவில்லை.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன். வாய் கோணல், பேச்சுக் குழறல், நெஞ்சை அழுத்தும் வலி, பாம்புக்கடி... இதற்கெல்லாம் முதலில் 108. ஆபத்து நீங்கிய பிறகு எங்களிடம் வாருங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை...

* மயங்கியவருக்குத் தண்ணீரோ, சோடாவோ, மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

* வலிப்புக்கு இரும்பு வேண்டாம். கை, காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துத் திருப்புங்கள்.

* பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். நடக்க விடாமல், அசையாமல் வையுங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து.

* பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுபவர்கள் உண்டு. தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்டுவடம் அறுந்தால் ஆயுசுக்கும் நடை போய்விடும்.

* தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள், பக்கத்துக் கோயில், பஸ் ஸ்டாப் என்று அடையாளம் சொல்லுங்கள். ராத்திரியானால் டார்ச் லைட்டோடு ஒருவர் ரோட்டுக்குப் போய் நில்லுங்கள்.

அவிநாசி ரோட்டில் சைரன் சத்தம் கேட்டால், வழி விட்டு ஒதுங்குங்கள். உள்ளே இருப்பது யார் வீட்டு அப்பாவோ!