வழக்குத் தொடுத்த பெண்

காட்மாண்டுவுக்கு வடகிழக்கே, திபெத்தின் எல்லைவரை உயர்ந்து செல்லும் மலைகளுக்கிடையே கிடக்கிறது சிந்துபால்சோக் மாவட்டம். அதன் படிவயல்களையும் பனிமுடிகளையும் கண்டு மகிழ வருகின்ற யாத்திரிகர் பலர். அந்த எழில் மிகுந்த பிரதேசத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெண்மக்கள் கொண்டுபோகப்பட்ட வரலாற்றை அறிந்தவர் சிலரே. 1846 முதல் 1951 வரை நேபாளத்தில் அதிகாரம் செலுத்திய ராணா வம்சத்துப் பிரபுக்களின் மாளிகைகளுக்குப் பணிப்பெண்களாகவும் அந்தப்புரப் பெண்களாகவும் இம்மலைநாட்டுத் தாமாங் குலத்துச் சிறுமியரை அழைத்துப் போகும் வழக்கம் இருந்தது. ராணாக்களின் ஆட்சி அஸ்தமித்தது. ஆயினும், பெண்ணொருத்தியைக் கொண்டுபோய் விட்டால் பணம் கிடைக்கும் என்று பழகிப்போனவர்கள் அத்தொழிலை விட்டுவிடவில்லை, திசையை மாத்திரம் தெற்கே மாற்றிக் கொண்டார்கள். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே இரு நாட்டு ஜனங்களும் கடவுச்சீட்டு இல்லாமலே போய்வரலாம். ஏறக்குறைய 1,750 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லை திறந்து கிடப்பது கூலிவேலை தேடும் ஏழைகளுக்கும், இருபுறமும் கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்களுக்கும் பெரும் உபகாரம் என்பது மெய்யே. அந்த உபகாரத்தின் மறைவில்தான் பம்பாயின் காமாட்டிபுரத்து விபசார விடுதிகளுக்குப் பெண்கள் கடத்திச் செல்லப்பட்டார்கள்.

வறுமைதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோர் உண்டு. வறுமை காரணந்தான், ஆனால் உலகத்தில் வறுமைப்பட்ட கிராமங்கள் எல்லாம் தம் பெண்களை விற்றுவிடவில்லை. விற்பதற்கு ஒருவன் வேண்டும், வாங்குவதற்கு ஒருவன் வேண்டும், வழியில் கண்டும் காணாமல் இருப்பதற்குப் பலர் வேண்டும். தலால் என்று நேபாளத்தில் வழங்கப்படும் தரகன் பெரும்பாலும் தெரிந்த முகத்தோடுதான் வருகிறான். பக்கத்து ஊர்க்காரனாகவோ, தூரத்து உறவினனாகவோ வந்து, நகரத்துக் கம்பளத் தொழிற்சாலையில் வேலை வாங்கித் தருவதாகவும், நல்ல இடத்தில் மணமுடித்து வைப்பதாகவும் வாக்களிக்கிறான்.

சரிமாயா தாமாங் என்னும் பெண்ணுக்கு அத்தகைய வாக்குறுதிகூட எவரும் அளிக்கவில்லை. 1994-ஆம் ஆண்டில், பதினாறு வயதுச் சிறுமியாகப் புல்லறுக்கக் காட்டுக்குச் சென்றிருந்தபோது, நான்கு ஆடவர் அவரை வளைத்து, மயக்க மருந்தூட்டிக் கொண்டு சென்றார்கள். எல்லை கடந்து, பம்பாயில் ஒரு விடுதிக்கு விற்கப்பட்டார். அங்கே இருபத்திரண்டு மாதங்கள் அடிமையாக இருந்தார். அந்த மாதங்களில் நிகழ்ந்தவற்றை விரித்துரைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது என்பதால் இக்கட்டுரை அவற்றைக் கடந்து செல்கிறது.

1996 பிப்ரவரியில் பம்பாய்ப் போலீசார் காமாட்டிபுரத்தில் பெரிய அளவில் சோதனை நடத்தி, நூற்றுக்கணக்கான பெண்களை விடுவித்தார்கள். அவர்களுள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நேபாளத்துப் பெண்கள். சரிமாயா அவர்களில் ஒருவர். விமோசனம் கிடைத்துவிட்டது என்று நினைத்த அந்தப் பெண்கள், அதன் பின்னரே தம் வாழ்நாளின் கசப்பான இன்னொரு பாடத்தைக் கற்றார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள அவர்களுடைய தாயகத்து அரசாங்கம் முன்வரவில்லை. நேபாளப் பிரஜைகள் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கப்பட்டது. மயங்கிய நிலையில் தூக்கிச் செல்லப்பட்ட சிறுமி குடியுரிமைச் சான்றிதழைக் கையில் எடுத்துச் சென்றிருப்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் போலும்! இவர்கள் வந்தால் கொடிய நோயும் கூடவே வந்துவிடும் என்ற பயமும் பரப்பப்பட்டது. மாதங்கள் கடந்தன. கடைசியில் தொண்டு நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டதனால், ஜூலை மாதத்தில் 120-க்கும் மேற்பட்ட பெண்கள் காட்மாண்டு வந்து சேர்ந்தார்கள்.

அயல்நாட்டாரின் இரக்கமின்மையைப் பேசுவதற்கு முன் நம்முடைய நெஞ்சையும் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே பம்பாய் விடுதிகளிலிருந்து 1990-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் தனி ரயிலில் சென்னைக்கு அழைத்து வரப்பட்டார்கள். அவர்களை விற்றவர் யார் என்ற கேள்வியைக் காட்டிலும், அவர்களில் எத்தனை பேருக்கு நோய்க்கிருமி இருக்கிறது என்ற கேள்விதான் அப்போது நம்மிடையே உரக்க ஒலித்தது. சிந்துபால்சோக்கின் பெண்ணொருத்தியைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

ஊருக்குத் திரும்பிய சரிமாயாவைச் சுற்றத்தார் தள்ளிவைத்தார்கள். கடத்தியவர்கள் தலைநிமிர்ந்து நடக்க, கடத்தப்பட்டவள் தலைகுனிய வேண்டும் என்பதே அந்தச் சமூகத்தின் தர்மமாக இருந்தது. பல சமூகங்களில் இன்றும் இருந்து வருகிறது. இத்தகைய சூழ்நிலையில் ஒரு பெண் செய்யக்கூடியது என்ன? பெயரை மாற்றிக்கொண்டு நகரத்தின் ஜனக்கூட்டத்தில் மறைந்துவிடலாம். நடந்ததை ஒருவருக்கும் சொல்லாமல் எங்கேனும் வாழ்க்கைப்பட்டு, ரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என்று ஆயுள் முழுவதும் அஞ்சிக் கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தவர்கள்மீது குற்றமில்லை. சரிமாயா சட்டத்தின் வாசலுக்குச் சென்றார். தம் சொந்தப் பெயரிலே, தம்மைக் கடத்தி விற்றவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். இவ்வாறு தாமே நேரில் முன்வந்து வழக்குத் தொடுத்த முதற்பெண் இவரே என்பது பின்னர் பதிவு பெற்ற செய்தி.

இச்செயலின் பாரத்தை உணர்வதற்குச் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். நெடுந்தொலைவில் இருக்கும் முகமறியாத முதலாளியின்மீது ஆத்திரப்படுவது சுலபம். சந்தையிலும் நீர்த்துறையிலும் நாளும் எதிர்ப்படக்கூடிய மனிதரைச் சுட்டி, இவன்தான் என்று அதிகாரிகளின் முன் சொல்வது சுலபமன்று. சொன்ன பிறகும், சாட்சியம் அளிக்க வேண்டும். மறக்க விரும்புகின்ற ஒவ்வொன்றையும், நம்பத் தயங்குகின்ற ஆடவர்கள் நிறைந்த சபையில், தேதிவாரியாக நினைவுகூர வேண்டும். குறுக்குக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் அதனைச் செய்தார். 1997-இல் மாவட்ட நீதிமன்றம், அவ்வழக்கில் சம்பந்தப்பட்ட எட்டுப் பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

வழக்கில் வென்றவர் அத்துடன் ஓய்ந்திருக்கலாம். ஆனால் 1996-இல் உடன் வந்த தோழியர், தொண்டு நிறுவனங்களின் புகலிடத்தில் தங்கியிருந்த நாட்களிலேயே, தங்களுக்காக மற்றவர்கள் பேசுவது போதாது, தாங்களே பேச வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். சரிமாயாவும் வேறு பதினைந்து பெண்களும் சேர்ந்து ‘சக்தி சமூஹா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். கடத்தப்பட்டு மீண்டவர்களே நிறுவி, அவர்களே நடத்தும் சங்கம் அது. அதனைச் சட்டப்படி பதிவு செய்வதற்கு 2000-ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. காரணம், உறுப்பினர்களிடம் குடியுரிமைச் சான்றிதழ் இல்லை. அந்நாளைய நேபாளச் சட்டத்தின்படி அச்சான்றிதழைப் பெறத் தந்தையோ கணவனோ வந்து நிற்க வேண்டும். மகளை வீட்டுப்படி ஏறவிடாத தந்தை அரசாங்க அலுவலகத்தின் படி ஏறி, இவள் என் மகள் என்று ஒப்புக்கொண்டாலன்றி, அந்தப் பெண் தன் தேசத்திலேயே அந்நியள்! கொடுமையைச் செய்தவர் ஒருசிலர். அதனை நீடிக்கச் செய்ததோ இவ்விதமான, யாருக்கும் தீங்கு நினையாத தோற்றமுடைய காகிதங்கள்.

இத்துறையில் உழைத்த நேபாளப் பெண்மணிகளுள், ஆசிரியையாக இருந்து, 1993-இல் ‘மைதி நேபாள்’ நிறுவனத்தைத் தோற்றுவித்த அனுராதா கொய்ராலா அம்மையாரின் புகழ் உலகறிந்தது. இந்திய அரசாங்கமும் 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. எல்லைச் சாவடிகளிலே, முன்பு கடத்தப்பட்டு மீண்ட பெண்களையே காவலுக்கு நிறுத்தி, சந்தேகத்துக்கு இடமான ஆடவனோடு திகைத்த முகத்துடன் செல்லும் சிறுமியரை அடையாளம் கண்டு தடுத்தது அந்நிறுவனத்தின் அரிய ஏற்பாடு. அவருடைய தொண்டு வணக்கத்துக்குரியது. ஆயினும், கரையில் நின்று கைகொடுத்தவரைப் போற்றுவதில் நாம் காட்டும் உற்சாகத்தை, வெள்ளத்தில் அகப்பட்டு நீந்தி வந்து, மறுபடியும் பிறருக்காக அதே வெள்ளத்தில் இறங்கியவரிடம் காட்டுவதில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது. அவர்களை அபலைகள் என்று அழைத்து அனுதாபப்படவே நாம் பழகியிருக்கிறோம்.

சக்தி சமூஹாவின் பெண்கள் புகலிடங்கள் நடத்துகிறார்கள். கிராமங்களில் வளரிளம் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துத் தரகர்களின் தந்திரங்களை விளக்குகிறார்கள். வழக்காட வருவோருக்குத் துணை நிற்கிறார்கள். 2007-இல் நேபாளத்தில் இயற்றப்பட்ட புதிய சட்டம், மனிதரை விற்போருக்கும் வாங்குவோருக்கும் இருபதாண்டுச் சிறைத்தண்டனை விதிப்பதோடு, தாம் நிரபராதி என்று நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலேயே சுமத்துகிறது. அதே ஆண்டில் சரிமாயா அம்மையாருக்குத் தேசிய கௌரவம் கிடைத்தது. ஆள்கடத்தலைத் தடுப்பதற்காக அரசாங்கம் அமைத்த தேசியக் குழுவில், மீண்டு வந்த பெண்களின் பிரதிநிதியாகவும் நியமிக்கப்பட்டார். சான்றிதழ் இல்லாதவர்கள் என்று எந்த அரசாங்கம் வாசலில் நிறுத்தியதோ, அதே அரசாங்கத்தின் ஆலோசனை மேசையில் அவருக்கு ஆசனம் கிடைத்தது. 2011-இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆள்கடத்தல் பற்றிய ஆண்டறிக்கை அவரை வீரர் வரிசையில் வைத்தது. 2013-இல் சக்தி சமூஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைக் குலுக்கிய பூகம்பத்தில் மிகுந்த உயிர்ச்சேதம் அடைந்தது சிந்துபால்சோக் மாவட்டமே. அங்கு மாத்திரம் 3,400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடிழந்து கூடாரங்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம், வேலை வாங்கித் தருகிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தரகர்கள் வருவார்கள் என்ற அச்சம் உடனே எழுந்தது. நிவாரணத்துக்கு வருபவன் யார், பெண்ணைத் தேடி வருபவன் யார் என்று பிரித்தறிவது வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகளுக்குக் கடினமான காரியம். சக்தி சமூஹாவின் பெண்களோ அந்த மாவட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். அந்தப் பேச்சையும் முன்பே கேட்டவர்கள். அவர்கள் சிந்துபால்சோக்குக்குச் சென்று, கூடாரங்களிலிருந்த தாய்மார்களிடமும் சிறுமியரிடமும் பேசத் தொடங்கினார்கள்.